சும்மா என்று எழுதிய நான்கு வீடுகள்

எங்கள் கடையில் யானை வாடகைக்குக் கிடைக்கும். மூச்சும் கிடைக்கும். சிம்மாசனம் வேண்டுமென்றால் ஒருநாள் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள். யானை என்பது தலைப்பக்கம், கால்பக்கம், மொத்த உயரம் என்று மூன்றையும் கைப்பிடி சுற்றி ஏற்றி இறக்குகிற பழைய இரும்புக் கட்டில். ஒருதரம் தூக்கிப் பார்த்தவன் பெயர்ப் பொருத்தத்தை ஒத்துக்கொள்வான். மூச்சு என்பது ஆக்சிஜன் மெஷின். அடியில் பேசின் வைத்த நாற்காலிதான் சிம்மாசனம். வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டால் என்னென்ன தேவைப்படுமோ அத்தனையும் எங்களிடம் உண்டு. இந்தக் கடையில் நான் பதினொரு வருடமாக வேன் ஓட்டுகிறேன். கட்டிலைப் பூட்டவும் கழற்றவும் என்னோடு ஒரு பிட்டர் வருவார். அவரை நாங்கள் நட்டு என்று கூப்பிடுவோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நட்டைத் தொலைத்துவிட்டு அரைமணி நேரம் தரையில் தவழ்வதால் வந்த பெயர்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நடுவில் ஒரு கதவு. அதை யாரும் சாத்தி நான் பார்த்ததில்லை. முதலாளி, அவர் மனைவி, முதலாளியின் அக்கா, ஆக மூன்று பேர். சரக்கு வாங்குவது, மெஷின்களைப் பழுது பார்ப்பது, ஆஸ்பத்திரிகளுக்கு அலைவது எல்லாம் முதலாளி. பில்லும் கம்ப்யூட்டரும் அவர் மனைவி. போன் அக்கா. ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். எழுபது வயதுக்காரரும் அக்கா என்பார், அவரும் என்னப்பா என்று கேட்பார்.

அக்கா போன் பேசுவதைக் கேட்டிருக்க வேண்டும். ஒருநாள் ஒருவர் பதறிக்கொண்டு கூப்பிட்டார்.

"அக்கா, அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு. டாக்டர் கட்டில் போடச் சொல்லிட்டாரு."

"சரி, பதறாதீங்க. எத்தனாவது மாடி?"

"ரெண்டாவது. லிப்ட் இருக்கு."

"லிப்டுக்குள்ள நின்னு ரெண்டு கையையும் விரிச்சா செவுத்துல இடிக்குமா?"

"ம்... இடிக்கும்."

"அப்ப படிதான். அம்மா தூங்கி எழுந்திருக்கும்போது எந்தப் பக்கமா இறங்குவாங்க?"

"அது... கவனிச்சதில்லையே அக்கா."

"பெத்த தாய் எந்தப் பக்கம் இறங்குவாங்கன்னு தெரியலையா? போய்க் கேட்டுட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன். கட்டிலை எந்தச் செவுத்தோட ஒட்டிப் போடணும்னு நாளைக்கு என் ஆளுங்க அங்க நின்னு பட்டிமன்றம் நடத்தக் கூடாதுல்ல."

இதையெல்லாம் அக்கா நீளமான நோட்டில் ஒரு வரியில் எழுதிவிடுவார். ஆறு மாதத்துக்கு ஒரு நோட்டு. எந்த மாடி, நாய் உண்டா, யாரைக் கேட்க வேண்டும், யாரைக் கேட்கக் கூடாது. 'மகனிடம் பேசாதே, கத்துவார். மருமகளிடம் பேசு.' 'அப்பாவுக்கு வியாதி என்னவென்று தெரியாது, வாசலில் வைத்துப் பேசாதே.' காலையில் வேனை எடுக்குமுன் அந்த வரியை அக்கா எனக்கு வாசித்துக் காட்டுவார். சில வரிகளின் கடைசியில் மட்டும் ஒரு சொல் இருக்கும். 'சும்மா.'

அந்தச் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. இந்தக் கடை ஒரே ஒரு கட்டிலில் தொடங்கியது. அது அவர்கள் அப்பா படுத்திருந்த கட்டில். அப்பா போன பிறகு அது முன்னறையில் கிடந்தது. தம்பிக்கு, அதாவது எங்கள் முதலாளிக்கு, அப்போது இருபத்து நான்கு வயது. கால் இடிக்கும்போதெல்லாம், இதை எத்தனை நாளைக்கு வைத்திருப்பது என்று கேட்பாராம். சும்மா கிடக்கட்டும் விடுடா என்று அக்கா சொல்வாராம். இரண்டு மாதம் கழித்து அடுத்த தெருவில் ஒருவர் கேட்டு வந்தபோது அக்காவே விரிப்பை மடித்துக் கொடுத்தார். அதிலிருந்துதான் தொழில் பிறந்தது. கட்டிலில் படுத்திருந்தவர் போய்விட்டார், வீட்டார் இன்னும் கட்டிலை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கூப்பிடவில்லை என்றால், அக்கா அந்த வரிக்குப் பின்னால் 'சும்மா' என்று எழுதுவார். கேட்காதே, கிடக்கட்டும் என்று அர்த்தம். வாரத்துக்கு ஒருமுறை அந்த வீட்டுக்குப் போன் போட்டு, சாப்பிட்டீர்களா, மழையில் துணி காய்ந்ததா என்று கேட்பார். கட்டில் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. ஒருநாள் அவர்களே கூப்பிடுவார்கள். நாங்கள் போய் எடுத்து வருவோம். ஒரு நீண்ட பயணத்தில் அக்கா எனக்கு இதைச் சொன்னார். நட்டுவுக்கும் தெரியும். முதலாளி நோட்டைத் திறந்து பார்த்ததே இல்லை. போன் விவகாரம் அக்காவினுடையது என்று விட்டுவிட்டவர்.

முதலாளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. போன வருடம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துவிட்டார். அந்த மூன்று நாளில் கடை குருடாகிப் போனது. எந்த வீட்டில் எது இருக்கிறது, எங்கே எப்போது போவது, ஒன்றும் யாருக்கும் தெரியவில்லை. நான் ஒரு மூச்சை ஏற்றிக்கொண்டு தவறான தெருவில் முக்கால்மணி நேரம் சுற்றினேன். அங்கே ஒரு கிழவர் அதற்காகக் காத்திருந்தார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே முதலாளி முடிவு செய்துவிட்டார். ஏ.ஐ. உதவியாளர் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும், அக்கா தலையில் இருப்பதையெல்லாம் அதற்குக் கொடுக்க வேண்டும்.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தார். முப்பது வயது இருக்கும். தோளில் பை, கையில் பாதி சாப்பிட்ட ரொட்டி. வந்ததும் லாப்டாப்பைத் திறப்பார் என்று பார்த்தால், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எல்லோரையும் வேடிக்கை பார்த்தார். கெட்டிக்காரி.

"சார், இதை வாங்கி வெச்சா மட்டும் போதாது. முதல்ல கடையைத் தயார் பண்ணணும். உங்களுக்குள்ள மட்டும் புரியிற பேச்சு என்னென்ன இருக்கோ, அதையெல்லாம் அதுக்குப் புரியிற மாதிரி எழுதிக் குடுக்கணும். புரியலைன்னா அதுவே கேக்கும். கேக்கும்போது சலிச்சுக்காம பதில் சொல்லணும்."

"சொல்லிட்டாப் போச்சு," என்றார் முதலாளி.

"இன்னொண்ணு. சாவு, சண்டை, அழுகை சம்பந்தப்பட்ட விஷயத்தை மட்டும் தானா அனுப்ப விடாதீங்க. ஒரு மனுஷன் பாத்துட்டு அனுப்பணும்."

"கண்டிப்பா."

"சரி, இப்ப யார் யார் என்ன வேலை பாக்கறீங்கன்னு சொல்லுங்க."

முதலாளி வரிசையாகச் சொன்னார். தன் வேலை, மனைவியின் வேலை, நான், நட்டு. அக்காவின் முறை வந்தபோது கையில் ஒரு மெஷின் வடிகட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அக்காவா? அவங்க சும்மா போன் எடுத்துப் பேசுவாங்க. இனிமே அவங்களுக்கு ரெஸ்ட் குடுக்கலாம்னுதான் இதெல்லாமே."

அன்பாகத்தான் சொன்னார். அது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அக்கா நோட்டை மூடிவிட்டு எழுந்து உள்ளே போனார். பயிற்சிப் பெண் மட்டும் அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு ஆறு வாரம் அந்த வீட்டில் தட்டச்சுச் சத்தம்தான். முதலாளி மனைவி பதினெட்டு வருட நோட்டுகளையும் படம் பிடித்து ஏற்றினார். அக்கா பேசிய போன் பேச்சுகளையும், எழுதிய மெசேஜ்களையும் கொடுத்தார்கள். வாடிக்கைக்காரர்களுக்கு அக்காதான் பழக்கம் என்பதால் உதவியாளருக்கும் அக்கா என்றே பெயர் வைத்தார்கள். எங்களுக்குக் குழப்பம் வராமலிருக்க நாங்கள் அதைப் பெட்டி அக்கா என்போம். முதல் வாரம் சிரித்தே வயிறு வலித்தது. யானை இருக்கிறதா என்று ஒருவர் கேட்டதற்கு, மன்னிக்கவும், நாங்கள் விலங்குகளை வாடகைக்கு விடுவதில்லை என்று பதில் எழுதிவிட்டது. இன்னொருவர், மூச்சு நின்றுவிட்டது, உடனே ஆள் அனுப்புங்கள் என்று எழுத, அது அவசர சிகிச்சைக்குச் செய்யவேண்டியதை எல்லாம் மளமளவென்று அடுக்கிவிட்டது. அவருக்கு வேண்டியதெல்லாம் புது பியூஸ். அக்காவே சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் முதலாளிக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

பெட்டி அக்கா பிடிவாதமாகக் கேள்வி கேட்டது. அதைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு பட்டியல் வரும். 'சிம்மாசனம் என்பது எந்தப் பொருள்?' 'நாய் படுத்திருக்கும் என்றால் போகலாமா, கூடாதா?' ஒருநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, வெளியே முதல் மழை பிடித்துக்கொண்ட நேரம், முதலாளி மனைவி பட்டியலை வாசித்தார். நானும் நட்டுவும் வாசலில் ஈரச் செருப்போடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா பழைய விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இதைப் பாருங்க. 'சும்மா என்ற சொல் நோட்டுகளில் பல இடங்களில் வருகிறது. இலவசம், காலி, காரணமில்லாமல் என்று இதற்குப் பல பொருள் உண்டு. இங்கே எந்தப் பொருளில் எழுதப்பட்டுள்ளது?' இதுக்கு என்ன போட?"

அக்கா விரிப்பை உதறினார். "சும்மான்னா சும்மாதான்."

"அப்படிப் போட்டா மறுபடியும் கேக்கும் அண்ணி."

"கேக்கட்டும். ஒண்ணுமில்லாததுக்குப் பேருதான் சும்மா. உன் புருஷனைக் கேளு, அவனுக்கு நல்லாத் தெரியும்."

முதலாளி மெஷின் ஒன்றைப் பிரித்துப் போட்டு அதற்குள் தலையை விட்டிருந்தார். "என்னது? சும்மாவா? காலியா இருக்குன்னு போடு. கட்டில்ல ஆள் இல்ல, சும்மா கிடக்குன்னு அர்த்தம். சரிதானேக்கா?"

 அக்கா விரிப்பின் நான்கு மூலைகளையும் சேர்த்துப் பிடித்து, ஒருமுறை நீவி, அடுக்கில் வைத்தார்.

"நீ சொன்னாச் சரிதான்."

முதலாளி மனைவி தட்டினார். காலி. பயன்பாட்டில் இல்லை.

நட்டு என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, அதுதான் உண்மை. மாட்டிக்கொள்ளட்டும், நாலு தடவை தப்புத் தப்பாகச் செய்து முழிக்கட்டும், அப்போது அக்காவின் அருமை தெரியும் என்று நினைத்தேன். என்னை யாரும் கேட்கவில்லை என்பதும் ஒரு சௌகரியமாக இருந்தது.

அடுத்த மாதம் பெட்டி அக்கா நன்றாகவே வேலை செய்தது. பொய் சொல்லக் கூடாது. எனக்கு ஒருநாள்கூட வழி தவறவில்லை. லிப்ட் விஷயத்தைக்கூட அக்கா மாதிரியே கையை விரித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டது. பேச்சும் அச்சு அசல் அக்காதான். முதலில் முதலாளி ஒவ்வொரு மெசேஜையும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். மூன்று வாரம் ஒரு பிழையும் இல்லை. நான்காவது வாரம், சும்மா சும்மா இதைப் பார்த்துக்கொண்டிருப்பதா, தானாகவே அனுப்பட்டும் என்று அதையும் விட்டுவிட்டார். அக்கா போன் மேசையை விட்டுப் பின்பக்கம் போய்விட்டார். விரிப்புத் துவைப்பது, மடிப்பது. வாரா வாரம் போடும் போன்கள் மட்டும் பாக்கியிருந்தன. அவற்றையும், இனி பெட்டிதானே பேசும் என்று விட்டுவிட்டார்.

பிறகு மழை கனத்தது. மழைக்காலம் எங்களுக்கு வேலைக்காலம். எல்லாப் படியும் வழுக்கும், எல்லா வயதானவரும் விழுவார். ஒரு வாரத்தில் கிடங்கில் ஒரு கட்டில்கூட மிச்சமில்லை. காத்திருப்போர் பட்டியலில் ஒன்பது பேர். ஒரு காலைநேரம் முதலாளி பெட்டி அக்காவிடம், எங்கெல்லாம் கட்டில் காலியாகக் கிடக்கிறது என்று பார்த்துக் கேட்டு வாங்க முடியுமா என்று கேட்டார். அது பார்த்தது. நான்கு வீடுகள். நான்குக்கும் அழகாக எழுதியது.

மறுநாள் என் போனுக்கு வந்த எடுப்புப் பட்டியலில் மூன்றாவது மாடி என்று பார்த்தேன். அந்த வீட்டை மறக்க முடியாது. லிப்டுக்குள் நுழையாத யானையை நானும் நட்டுவும் ஐம்பத்து நான்கு படி சுமந்த வீடு. ஒரு அம்மாவும் அவர் மகளும். மகளுக்கு இருபத்தாறு வயது. பதினொரு மாதம் படுக்கையில் இருந்தாள். போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. சரி, அம்மாவே கூப்பிட்டுவிட்டார் போலிருக்கிறது, மனதைத் தேற்றிக்கொண்டாரே என்று நினைத்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அக்கா துணி காயப்போட்டுக்கொண்டுதான் இருந்தார், பத்தடி தூரத்தில்.

போனால் வாசல் கதவு சாத்தியிருந்தது. வெளியே, படி முடியும் இடத்தில், யானை துண்டு துண்டாக நின்றது. தலைப்பலகை, கால்பலகை, சட்டங்கள் எல்லாம் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மெத்தை மேல் பிளாஸ்டிக் போட்டு மூடியும் ஒரு மூலை சாரலில் நனைந்துவிட்டது. நட்டுகள் எல்லாம் ஒரு துணிப் பையில் முடிந்து தொங்கின. நட்டு அதை அவிழ்த்து எண்ணிப் பார்த்தார். ஒன்றுகூடக் குறையவில்லை. விரிப்பு துவைத்து மடித்து மேலே வைத்திருந்தது. மணியை அழுத்தினேன். உள்ளே நடக்கும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை.

"எடுத்துட்டுப் போங்கப்பா," என்று உள்ளிருந்தே குரல் வந்தது. "எல்லாம் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க."

"எப்படிய்யா தனியாக் கழட்டுச்சு அந்தம்மா?" என்றார் நட்டு. 

கடைக்கு வந்து நேராக அக்காவிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அக்கா ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, "அந்தம்மா கூப்பிட்டாங்களா?" என்றார்.

"தெரியலக்கா. லிஸ்ட்ல இருந்துச்சு."

அக்கா முன்பக்கம் வந்தார். முதலாளி மனைவி மெசேஜைத் திறந்து காட்டினார். அக்கா நின்றபடியே வாசித்தார். 'அம்மா, நல்லா இருக்கீங்களா? மழையில துணியெல்லாம் காயுதா? உங்க வீட்டுக் கட்டில் சும்மாதான் கிடக்குதுன்னு தெரிஞ்சுது. இங்க ஒருத்தர் ரொம்ப வலியில காத்துக்கிட்டிருக்காங்க. நாளைக்குக் காலையில ஆளுங்க வந்து எடுத்துக்கட்டுமா? அக்கா.' அடியில் பதில் ஒரே வார்த்தை. 'சரி.'

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த மேசைக்கு அவர் வந்து சில வாரம் ஆகியிருந்தது.

"இது நான் பேசுற மாதிரியே இருக்குது," என்றார்.

முதலாளி பின்னாலிருந்து வந்தார். "என்னக்கா, என்ன ஆச்சு?"

நான்தான் சொன்னேன். சும்மா என்றால் என்ன என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. பக்கத்திலிருந்த சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு வீட்டுக்கும் போயிருக்கே! மத்த மூணு?"

"ரெண்டு பேர் நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஒருத்தங்க இன்னும் பாக்கல," என்றார் அவர் மனைவி. கண் கலங்கியிருந்தது. "நான்தானே அதைத் தட்டுனேன் அண்ணி. காலின்னு நான்தானே போட்டேன்."

"நீ என்னம்மா பண்ணுவ. நீ கேட்டியே."

முதலாளி அக்காவுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். "அக்கா, நான் உன்னைக் கேட்டேன்ல? சரிதானேக்கான்னு கேட்டேன்ல? அன்னைக்கே இல்லடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

அக்கா அவரையே பார்த்தார். "அப்பா கட்டில் கிடந்தப்ப நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"எந்தக் கட்டில்? ...அப்பா போனப்பவா? அக்கா, அது ஆச்சே இருபது வருஷம்."

"அந்தப் பயிற்சிப் பொண்ணுகிட்ட என்னப் பத்தி என்ன சொன்ன, அதாவது ஞாபகம் இருக்கா?"

முதலாளி நிஜமாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் கடித்து யோசித்தார். அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது.

"என்னக்கா சொன்னேன்? தப்பா ஏதாவது சொன்னேனா?"

"ஒண்ணுமில்ல விடு." அக்கா எழுந்தார். "மத்த மூணு வீட்டுக்கும் நீயே போன் போட்டுப் பேசு. எழுதாத, பேசு. டிரைவரே, வண்டியை எடு. அந்தக் கட்டிலை இறக்கிட வேணாம், அப்படியே இருக்கட்டும்."

"நானும் வர்றேன்க்கா," என்றார் முதலாளி.

"நீ வராத."

வழி முழுக்க மழை. கண்ணாடி துடைப்பான் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் நட்டு பிடித்துக்கொண்டிருந்தும் யானையின் சட்டங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன.

"டிரைவரே, நீயும் அன்னைக்கு அங்கதானே நின்ன?"

"ஆமாக்கா."

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க வேணும்னேதான் சொல்லலைன்னு தெரிஞ்சுதுக்கா. அதான்."

"வேணும்னேதான்." கொஞ்சதூரம் போன பிறகு மறுபடியும் பேசினார். "அவன் ரெண்டு நாள் திண்டாடிட்டு, அக்கா இதென்னக்கான்னு என்கிட்ட வந்து நிப்பான்னு நெனச்சேன்யா. வேற ஒரு வீட்டுல போய் விடியும்னு நெனைக்கவே இல்ல. எனக்கு இந்த வயசுல இவ்வளவு ரோஷம் எதுக்கு?"

 கியரை மாற்றினேன்.

அக்காவுக்கு முழங்கால் வலி. ஐம்பத்து நான்கு படியையும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினார். இந்தத் தடவை மணி அடித்ததும் கதவு திறந்தது. அந்த அம்மா அக்காவைப் பார்த்ததும் அவசரமாக ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"நனைஞ்சுட்டீங்களே. உள்ள வாங்க, வாங்க. நீயும் வாப்பா."

முன்னறைதான் மகள் இருந்த அறை. கட்டில் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. தரையில் நான்கு சக்கரங்களின் தடம் கறுப்பாகப் பதிந்திருந்தது. அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறார், போகவில்லை. பக்கத்தில் அம்மா உட்காரும் நாற்காலி அந்தப் பக்கம் பார்த்தபடியே இருந்தது.

"கை என்னம்மா ஆச்சு?"

"நட்டு கழட்டும்போது. சரியான சாமான் இல்ல பாருங்க. கறிகாய் நறுக்குற கத்தியாலதான் திருகுனேன்."

"நீங்க ஏம்மா கழட்டுனீங்க? ஆளுங்க வருவாங்களே."

"யாரோ வலியில காத்துக்கிட்டிருக்காங்கன்னு போட்டிருந்துச்சே. அதைப் படிச்சதும் வெக்கமாப் போச்சு. நம்ம பாப்பாவும் முதல்ல அப்படித்தானே காத்துக்கிட்டிருந்தா. இங்க ஒருத்தி வெறும் கட்டிலைக் கட்டிக்கிட்டுக் கிடக்கறாளேன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு." டீ போட அடுக்களைக்குள் போய்க்கொண்டே பேசினார். "வேற ஒண்ணும் பண்ண மாட்டேன்க்கா. பகல்ல இந்த நாற்காலியில உக்காந்து, கால்பக்கம் தலை வெச்சுக் கொஞ்சம் படுப்பேன். அவ இருந்தப்பவும் அப்படித்தான் தூங்குவேன். பழக்கம்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மா டீயோடு வந்ததும், "கட்டில் கீழ வண்டியிலதான் இருக்கு, பிட்டரும் அங்கயே இருக்காரு. இப்பவே மேல கொண்டாந்து பூட்டித் தர்றோம். எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும்," என்றார்.

"வேணாம்."

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க..."

"வேணாம்க்கா. என் கையால கழட்டிட்டேன். திரும்பப் பூட்டுனா அது அவ கட்டில் ஆகாது. காத்துக்கிட்டிருக்கறவங்களுக்கே குடுத்துடுங்க."

மூவரும் டீ குடித்தோம். வெளியே மழைத்தண்ணீர் குழாய் வழியாக இறங்கும் சத்தம். அந்த அம்மா இரண்டு தடவை எதையோ கேட்க வந்து நிறுத்தினார். பிறகு கேட்டுவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு கேக்கணும். கீழ்வீட்டு அம்மா சொன்னாங்க, இப்பல்லாம் உங்க கடையில மெஷின்தான் பதில் எழுதுதாமே? அந்த மெசேஜ் நீங்க எழுதுனது இல்லதானே?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்லம்மா. நான் எழுதல. மெஷின்தான்."

"அதானே!" அந்த அம்மாவின் முகம் ஒரேயடியாகத் தெளிந்துவிட்டது. எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்துலேர்ந்து எனக்கு அதுதான் உறுத்தல். கட்டில் போனதுகூடப் பெருசில்ல. பாப்பா போனதுக்கப்புறம் கட்டில் பேச்சே எடுக்காம, சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேட்ட ஒரே ஆள் நீங்க. அந்த அக்காவா இப்படிக் கேட்டாங்கன்னு ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்ல. இப்பத்தான் மனசு ஆறுச்சு."

 அக்காவின் கை அந்த அம்மாவின் கைக்குள் அப்படியே இருந்தது.

"அந்த மெஷின் மேலயும் எனக்குக் கோவம் இல்லக்கா. அதுக்கு என்ன தெரியும்? இது இப்படின்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அது கட்டிலைக் கேட்டிருக்காது. யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. இல்ல?"

அக்கா சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஏறி வரும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றது மூச்சு வாங்க மட்டும் இல்லை, எப்படிச் சொல்வது என்று யோசிக்கத்தான் என்று நினைத்தேன். அவர் வாயைத் திறந்தார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காத முகம், இப்போதுதான் தெளிந்திருந்தது.

"ஆமாம்மா," என்றார் அக்கா. "யாரும் சொல்லல."

நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா, இத்தனை படி ஏறி வந்திருக்கிறீர்களே என்று சொல்லிக்கொண்டே அக்காவின் டம்ளரை எடுத்து, தன் பங்கிலிருந்த டீயையும் அதில் ஊற்றிக் கொடுத்தார். அக்கா அதையும் வாங்கிக் குடித்தார்.